அமரர் பெயரில் ஒரு குப்பைத்தொட்டி

லண்டனுக்குப் போகிறவர்கள் பேரப்பிள்ளை பார்க்கப் போவார்கள், பட்டமளிப்பு பார்க்கப் போவார்கள், சிலர் போய்த் திரும்பாமலே இருந்துவிடுவார்கள். குப்பை விஷயமாக லண்டனுக்குப் போன முதல் ஆள் எங்கள் தீவில் நான்தான். இரண்டாவது ஆள் இனித்தான் பிறக்க வேண்டும்.

தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்துத் தீவுக்காரரும் கிளம்பிவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸிலும் வள்ளத்திலும் மாறி மாறிப் போய்ச் சேருகிற ஒரு சின்னத் துண்டு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் பழைய இரும்பும் போத்தலும் பொறுக்கத் தொடங்கியவன் நான். இன்று அக்கரையில் எனக்குச் சொந்த லொறி நிற்கிறது, இக்கரையில் சொந்தக் கொட்டில் நிற்கிறது. போத்தல் துரை என்றால் துறைமுகத்து நாய்க்கும் தெரியும். பட்டம் பெற்றவர்கள் என்னிடம் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். நானும் இரங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தீவுக் குப்பையின் சங்கதி இதுதான். எல்லாச் சாமானும் வள்ளத்தில் வரும், ஒன்றும் தானாகத் திரும்பிப் போகாது. கோயில் திருவிழா வந்தால் வெளிநாட்டுச் சனம் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடு இறங்கும். சனம் போய்விடும், போத்தல் இருக்கும். அதையெல்லாம் சேர்த்து அக்கரைக்கு ஏற்றுகிறவன் நான். ஆனால் வெறும் போத்தல் என்றால் முக்கால்வாசி காற்று. வள்ளம் நிறையக் காற்றைத்தான் ஏற்றிப் போகிறோம். போன சோளகக் காற்றில் மூட்டை பிரிந்து போத்தல்கள் கடலெல்லாம் மிதந்தன. வள்ளக்காரன், "இனி நான் உந்தப் போத்தலை ஏத்தன், துரையண்ணை" என்று சொல்லிவிட்டான்.

அப்படியென்றால் கிடங்கு வெட்டிப் புதைப்போம் என்றார்கள் ஊரில் பொறுப்பாக இருப்பவர்கள். எங்கே வெட்டுவது? தீவு முழுக்கக் கல். மண் ஆழமாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், நல்லதண்ணிக் கிணறுகள் இருக்கிற வெளி. ஊர் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பம்பஸையும் பழைய பற்றரியையும் புதைத்தால் பிறகு தேத்தண்ணீரில் சீனி போடத் தேவையில்லை, வேறு ருசி தானாக வரும். போத்தலை நசுக்க ஒரு மெசின் கிடைத்தால் வள்ளக்காரன் ஏற்றுவான், கிடங்கு வேண்டாம். லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்ச்சங்கம், தீவின் குப்பைக்கு ஏதோ செய்யப் போகிறோம் என்று செய்தி அனுப்பியிருந்தது. என்ன செய்யப் போகிறார்கள் என்று நேரில் பார்த்து மெசினைக் கேட்டு வாங்கத்தான் விமானம் ஏறினேன்.

மகள் சுகந்தியும் மருமகன் ரமணனும் லண்டனில் இருக்கிற பகுதிக்கு இங்கிலீசிலேயே பெயர் மிச்சம். ஒரு குப்பைக்காரன் வந்து இறங்க இதைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் இல்லை. வந்த அன்று புட்டும் கணவாய்க் கறியும் வைத்தாள். கணவாய் ரப்பர்தான், ஆனால் மகள் பக்கத்தில் நிற்கும்போது குறை சொல்லக்கூடாது. சாப்பிட்டு முடிய அகப்பையும் கையுமாக எனக்குப் பாடம் எடுத்தாள். இதற்குள் கடதாசி, அதற்குள் பிளாஸ்டிக், சின்ன வாளிக்குள் சாப்பாட்டு மிச்சம், எதிலும் சேராதது கறுப்புப் பைக்குள்.

"அப்பா, யோகட் கப்பைக் கழுவிப்போட்டுத்தான் போடவேணும்."

"எறியிற சாமானை ஏன் பிள்ளை கழுவுவான்?"

"கழுவாட்டி எடுக்கமாட்டாங்கள்."

எங்கள் ஊரில் கோடை வந்தால் மனிதர் குளிக்கவே நல்ல தண்ணீரைச் செம்பால் அளந்துதான் வார்ப்பார்கள். இங்கே குப்பை சுடுதண்ணீரில் குளிக்கிறது.

என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர் குடித்துத் தள்ளிய சோடாப் போத்தல்களால் பிளாஸ்டிக் தொட்டி வாய் பிளந்து நின்றது. மூடி மூடாவிட்டாலும் எடுக்கமாட்டார்களாம். இந்தக் கை சும்மா இருக்குமா? ஒரு பலகைத் துண்டைத் தேடி மேலே வைத்து, மதிலைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் ஏறினேன். ஏறி நின்று மிதித்தேன். பாதி இறங்கியது. வெறும் இடத்தை வீணாக்குவானேன் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியின் வாசலில் கிடந்ததையும் அள்ளி வந்து போட்டு மிதித்தேன். அந்த மனுசி யன்னலுக்குள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று கடைசிவரை பார்த்தது. கோப்பையை வாயில் வைக்க மறந்துவிட்டது.

விடிய லொறி வந்தது. இரும்புக் கை தொட்டியைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து உலுக்கியது. ஒன்றும் விழவில்லை. மறுபடி உலுக்கியது. ஒரு போத்தல் மூடிகூட விழவில்லை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. லொறியிலிருந்து மலைபோல ஒரு மனிதன் இறங்கித் தடியால் குத்திப் பார்த்தான். ரமணன் உடுத்திருந்த சாரத்தோடு ஓடினான்.

"மாமா, உதை அடைஞ்சது ஆர் எண்டு கேக்கிறார்."

"நான்தான் எண்டு சொல்லு. மறைக்காதை."

இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். மலை மனிதன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இந்த வேலைக்கு வந்த நாளிலையிருந்து இப்பிடி ஒரு அடைசலைத் தான் காணேல்லையாம். உங்களுக்குக் கை குடுக்கவேணுமாம். ஆனா தொட்டியை எடுக்கேலாதாம், மாமா. நாங்களே கிண்டி எடுக்கட்டாம்."

கை கொடுத்தான். சுகந்தி மத்தியானம் வரை அகப்பைக் காம்பால் தொட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அதில் கவலையில்லை. லண்டன் குப்பை லொறியே தோற்றுப்போன கை இது. பள்ளிக்கூடம் தராத சான்றிதழ் அன்று காலை எனக்குக் கிடைத்தது.

அடுத்த நாள் ரமணன் பழைய மெத்தை ஒன்றைப் போட என்னைக் குப்பை நிலையத்துக்குக் கூட்டிப்போனான். வாழ்நாளில் அப்படி ஒரு சொர்க்கத்தை நான் பார்த்ததில்லை. சைக்கிள்கள், அலுமினிய ஏணிகள், ஓடுகிற நிலையில் மின்விசிறிகள், எல்லாம் வகை வகையாக. வாய் ஊறியது. ஒரு ஏணியில் கை வைத்தேன். செம்மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் எங்கிருந்தோ பறந்து வந்தான்.

"போடலாமாம், எடுக்கக்கூடாதாம், மாமா. எடுத்தால் களவாம்."

"எறிஞ்ச சாமானிலை என்னெண்டடா களவு?"

"எறிஞ்ச உடனை அது அவையளின்ரையாம்."

ஏணியைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன். கோபம் வரவில்லை. எங்கள் ஊரில் குப்பைக்குச் சொந்தக்காரன் இல்லை, அதுதான் கரைச்சலே. இங்கே குப்பைக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், காவல்காரனும் இருக்கிறான். வெள்ளைக்காரனிடம் படிக்க வேண்டியது இது ஒன்றுதான்.

சாப்பாட்டில் படிக்க ஒன்றுமில்லை. வரும் வழியில் அவர்களின் பேர்பெற்ற மீன் பொரியலை வாங்கித் தந்தான். உப்பில்லை, உறைப்பில்லை, முள்ளும் இல்லை; ஆஸ்பத்திரியில் பத்தியத்துக்குக் கொடுக்கிற மீன். தின்று முடிந்தபின் எண்ணெய் பிடித்த மட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரமணன் தெருவோரத் தொட்டிகளுக்கு முன்னால் நின்றான். மட்டையென்றால் கடதாசித் தொட்டி. எண்ணெய் பட்டால் கடதாசி இல்லையாம். இரண்டு பட்டம் வாங்கிய பிள்ளை. கடைசியில் காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கேட்டான்.

எனக்கு வேண்டிய மெசின் மிச்சத்திலேயே கிடந்தது. எங்கள் ஊர்ப் பெடியன் நேசன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். பெடியன் என்றாலும் தலை நரைத்துவிட்டது. கடையின் பின்பக்கம் ஆள் உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. மட்டைப் பெட்டிகளை உள்ளே அடுக்கிப் பொத்தானை அமர்த்தினால் மேலிருந்து ஒரு தட்டு இறங்கி எல்லாவற்றையும் தலையணைபோல ஆக்கிவிடுகிறது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இது புதுசு, அண்ணை. பழசு அங்கை மூலையிலை கிடக்குது. மோட்டர் எரிஞ்சு போச்சு. கழிக்கப் போறன்."

"மோட்டர் ஆருக்கடா வேணும்? லொறி தூக்கிற ஜக் ஒண்டைத் தலையிலை பூட்டினால் கையாலையே அமத்துவன். எனக்குத் தாறியோ?"

"தூக்கிக்கொண்டு போங்கோ. ஆனா சங்கம் ஊருக்கு அனுப்பிற கொண்டெயினருக்குள்ளை இடம் இல்லையெல்லே. தலைவர் சொல்லேல்லையோ?"

தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. சங்கத் தலைவர் பரராசசிங்கம் விம்பிள்டன் பக்கம் இருந்தார். ரமணன் வேலைக்குப் போய்விட்டான். கடலில் வள்ளம் விட்டவனுக்கு ட்ராம் என்ன பெரிய விஷயம் என்று தனியே ஏறினேன். இறங்குகிற இடமும் வந்தது. கதவு திறக்கும் திறக்கும் என்று மரியாதையாகக் கதவின் முன்னால் நின்றேன். அது திறக்காமலே கிளம்பிவிட்டது. "இறக்கம்! இறக்கம்!" என்று எங்கள் ஊர் பஸ்ஸில் கத்துவதுபோலக் கத்தினேன். பெட்டியில் இருந்த ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை. தாதி உடுப்போடு இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை மட்டும் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஐயா, கத்தினால் திறக்காது. கதவிலை பட்டன் இருக்குது, அமத்துங்கோ."

ஒரு பொத்தானுக்காக ஒரு தரிப்பிடம் திரும்பி நடந்தேன். கால் நொந்தது பெரிதில்லை. தலைவர் வீட்டு வளவில் கண்டதுதான் நெஞ்சில் உதைத்தது.

வளவு முழுக்கச் சில்லு வைத்த குப்பைத்தொட்டிகள். ஏதோ ஒரு இடத்தில் தொட்டிகளை மாற்றினார்களாம், பழையவற்றைச் சங்கம் கேட்டு வாங்கியிருக்கிறது. கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் கறுப்பு எழுத்தில் பெரிய ஸ்டிக்கர்: அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக. அவரவர் குடும்பம் தத்தம் தகப்பன், தாய் பெயரில் ஒவ்வொரு தொட்டியைப் பொறுப்பெடுத்திருந்தது. முன்னுக்கு நின்ற தொட்டியில் அமரர் சபாநாதன். என்னை மூன்றாம் வகுப்புவரை அடித்த வாத்தியார்.

"எப்பிடி, துரையண்ணை? கொண்டெயினர் முட்ட இதுதான். வாற கிழமை ஏத்துறம்," என்றார் தலைவர்.

"தம்பி, எங்கடை மணல் ஒழுங்கையிலை உந்தச் சில்லு உருளாது. உதைத் தூக்கிக் கவிழ்க்கிற லொறியும் அங்கை இல்லை. நிரம்பினால் எங்கை கொட்டிறது? நல்லதண்ணி வெளியிலையோ?"

"முதல்லை சனத்துக்கு ஒழுங்கு வரவேணும், அண்ணை. பிறகு மற்றதெல்லாம் தானா வரும்."

"நேசன்ரை மெசினுக்கு மட்டும் இடம் விடுங்கோவன்."

"ஆர்ரை தொட்டியை இறக்கச் சொல்றியள்? ஒவ்வொருத்தரும் தங்கடை தாய் தேப்பன்ரை பேர் போட்டிருக்கினம். நான் ஆர்ரை அப்பாவை இறக்கிறது?"

கேக் தந்தார். தட்டோடு திருப்பி வைத்தேன். கிணற்றடியில் மண்வெட்டி விழுகிற சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தேவாலய மண்டபத்தில் வழியனுப்பு விழா. தொட்டிக்குத்தான், எனக்கில்லை. இறைச்சி றோல்ஸ், கடலை வடை, கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணீர். மேடையில் குத்துவிளக்கு. அதற்குப் பக்கத்தில் சபாநாதன் வாத்தியாரின் தொட்டி. புது வாகனத்துக்கு வைப்பதுபோல அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள், மாலையும் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள் என்பதால் முதல் மரியாதை அவருக்கு. முன்வரிசையில் அவருடைய மனைவி மனோன்மணி அக்கா, பட்டுச்சேலையில்.

"துரையண்ணை ஊர்ச்சனத்தின்ரை சார்பிலை ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுவார்," என்று தலைவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

நான் நன்றி சொல்லவில்லை. மணலைச் சொன்னேன், வள்ளத்தைச் சொன்னேன், நல்லதண்ணிக் கிணற்றைச் சொன்னேன். யார் கேட்டார்கள்? ஒருவர் றோல்ஸ் தின்றார், ஒருவர் கைத்தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்தார். தலைவர் மணிக்கூட்டைக் காட்டினார். மாலையும் கழுத்துமாக நின்ற தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் பெயர் மினுங்கியது. அப்போது வாயில் வந்தது இதுதான்.

"அக்கா, வாத்தியார் மீன் மச்சம் தொடாத மனுசன். மீன்காரி படலையடியாலை போனாலே மஞ்சள் தண்ணி தெளிக்கிறவர். எங்கடை கரையிலை இதுக்குள்ளை என்ன விழும் எண்டு நினைக்கிறியள்? சூடை மீன் குடல், நண்டுக் கோது, பிள்ளையளின்ரை பம்பஸ். எங்கடை சனம் என்ன கதைக்கும் தெரியுமே? 'எடி, வாத்தியாருக்குள்ளை போடு' எண்டுதான் கதைக்கும். ரெண்டு நாள் போக, 'வாத்தியார் நிரம்பி மணக்கிறார், கொண்டுபோய்க் கவிழ்த்து விடு' எண்டு கதைக்கும்."

பின்வரிசையில் தேத்தண்ணீர் குடித்த யாருக்கோ சிரிப்பில் புரையேறியது. மற்றவர்கள் வாயில் கடித்த றோல்ஸ் கடித்தபடி நின்றது. மனோன்மணி அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"பரராசசிங்கம், அவர்ரை பேரை உதிலையிருந்து எடு."

"மாமி, எல்லாம் முடிஞ்சுது, வாற கிழமை கொண்டெயினர்..."

"எடு எண்டனான்."

தலைவர் நகத்தால் சுரண்டினார். வரவில்லை. மேசைக் கத்தியால் சுரண்டினார். சந்தனம் வந்தது, பெயர் வரவில்லை.

"மழைக்கும் வெயிலுக்கும் உரியாத ஸ்டிக்கர் எண்டு நீங்கள்தானே கூட்டத்திலை சொன்னனியள்," என்றான் பின்னாலிருந்து நேசன்.

அதற்குள் மற்றவர்களும் எழும்பிவிட்டார்கள். என்ரை அப்பா எங்கை, எங்கடை அம்மான்ரை எது என்று தலைவர் வீட்டுக்கே போய்த் தூக்கப் புறப்பட்டார்கள். ஒரு தொட்டியும் கப்பல் ஏறாதென்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

"அப்ப கொண்டெயினர் வெறுமனே போகவோ, தலைவர்? என்ரை மெசின் போகட்டும்," என்றான் நேசன்.

தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஓம், போகட்டும்," என்றார். பழக்கதோசம், உடனே இன்னொன்றும் கேட்டார்: "மாமி, அதிலை வாத்தியார்ரை பேரைப் போடுவமோ?"

"அது என்ன செய்யிற மெசின்?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"நசுக்கிற மெசின், அக்கா."

"வேண்டாம். மனுசன் உயிரோடை இருக்கேக்கை ஊர்ப் பிள்ளையளை நசுக்கினது காணும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னைப் பற்றி அவர் என்ன சொன்னவர் எண்டு ஞாபகம் இருக்கே, தம்பி?"

"குப்பை பொறுக்கத்தான் லாயக்கு எண்டவர்."

"பிழையாச் சொல்லேல்லை," என்றார். தன் தட்டில் இருந்த வடையை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டாவது சான்றிதழ்.

ஊர் திரும்பும் முன் தலைவரிடம் சொல்லிவிட்டு வரப் போனேன். இந்த முறை பொத்தானை அமர்த்தி இறங்கினேன். வளவு வெறிச்சென்றிருந்தது. தொட்டிகளைக் குப்பை நிலையத்திலும் போட முடியாதாம். பெற்ற தகப்பனைக் கொண்டுபோய் அங்கே எறிவதா? அதனால் மிச்சத்திலும் விம்பிள்டனிலும் எங்கள் ஊர்க்காரரின் பின்வளவுகளில் அமரர்கள் மண் நிரப்பப்பட்டு நின்றார்கள். ஒருவருக்குள் கத்தரி, ஒருவருக்குள் புதினா. தலைவர் தாயாருக்குள் கறிவேப்பிலை வைத்திருந்தார். நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது எழும்பி, "கொஞ்சம் இருங்கோ, அண்ணை, அம்மாவுக்குத் தண்ணி ஊத்தீட்டு வாறன்," என்று போனார். முகத்தில் சிரிப்பில்லை. நானும் சிரிக்கவில்லை, தெருவுக்கு வரும்வரை.

மெசின் வந்து சேர்ந்தது. சொன்னதுபோலவே மோட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, இல்லை, எறியவில்லை, செம்புக் கம்பிக்கு விற்றுவிட்டு, லொறி ஜக்கைப் பூட்டினேன். சாக்குச் சாக்காகப் போத்தல் உள்ளே போய்ச் செங்கல்போல வெளியே வருகிறது. வள்ளக்காரன் அதன்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு போகிறான். கிடங்குக் கதையை இப்போது ஒருவரும் எடுப்பதில்லை. நல்லதண்ணிக் கிணற்றில் நேற்றும் அள்ளிக் குடித்தேன், வாய் தித்தித்தது.

ஒரேயொரு பிழை விட்டேன். மெசின் முகத்தில் ஒரு பெயரும் இல்லாமல் மொட்டையாக நின்றது. வேறு யாருக்கு அந்தத் தகுதி இருக்கிறது? நீலப் பெயின்ற் வாங்கி, என் பெயரையே பெரிதாக எழுதினேன்: துரைராசா. திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த யாரோ அதைப் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். எங்கள் சனத்துக்கு ஒரு பொருளில் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பெயருக்கு உரியவர் செத்துப்போனவர். மிச்சத்தில் மகள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் சனம் வரத் தொடங்கிவிட்டது. மனோன்மணி அக்கா சோறும் மரக்கறியும் கட்டி அனுப்பியிருக்கிறார். தலைவர் இரங்கலுரை எழுதி முடித்துவிட்டார். நல்ல மாதிரித்தான் எழுதியிருந்தாராம், உயிரோடிருந்தபோது இதில் பாதியையாவது சொல்லியிருக்கலாம். சுகந்தி தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, இருக்கிறியளோ?"

"இருக்கிறன், பிள்ளை. போத்தல் நசுக்கிக்கொண்டு இருக்கிறன்."

"சோத்துச் சட்டியோடை வீடு முட்டச் சனம் நிக்குது. இப்ப நான் என்ன சொல்றது?"

"சாப்பிட்டுப் போட்டுச் சட்டியைக் கழுவிக் குடுக்கச் சொல்லு."

பெயின்ற் டின்னில் கொஞ்சம் மிச்சமிருந்தது. பெயரை அழிக்க மனம் வரவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து எழுதினேன்: ஆள் உள்ளே நிற்கிறார், கூப்பிடவும்.